தெர்மோவெல் அதிர்வு: எக்செல், மோடல், சிஎஃப்டி, எதற்கு எது?

ஆடிக் காற்றில் நீலகிரியின் குந்தா பக்கம் சரிவில் நின்றால் தலைக்கு மேலே மின்கம்பி முனகுவது கேட்கும். கம்பியின் மேலும் கீழும் மாறி மாறிச் சுழல் கழன்று போவதால் வரும் சத்தம் அது. 20 மி.மீ. கம்பி, நொடிக்கு 5 மீட்டர் காற்று என்றால் நொடிக்கு ஏறத்தாழ 50 முறை. கோபுரத்தை ஒட்டிக் கம்பியில் தொங்கும் குட்டி டம்பெல்கள் அந்த ஆட்டத்தை அடக்கத்தான். நீராவிக் குழாய்க்குள் செருகிய தெர்மோவெல்லுக்கும், அதாவது வெப்பமானியைப் பாதுகாக்கும் உலோக உறைக்கும், இதே பாடுதான். அங்கே டம்பெல் தொங்கவிட இடமில்லை, அவ்வளவுதான்.

கோத்தகிரியில் வீட்டில் உட்கார்ந்து, கீழே சமவெளியில் உள்ள ஆலைகளுக்கு இந்தக் கணக்கு போட்டுத் தருவது என் பிழைப்பு. இங்குள்ள தேயிலைத் தொழிற்சாலை டிரையர்களுக்கு இது அவ்வளவாகத் தேவைப்படாது. சூடான காற்று லேசானது, மெதுவாகவும் போகும். நீராவிதான் வில்லன்.

போன வருடம் ஒரு ஆலையில் 8 அங்குல நீராவிக் குழாயில் ஒரு தெர்மோவெல் (இனி வெல்) அடிப்பக்கம் விரிசல் விட்டது. என்னோடு வேலை செய்யும் தம்பி உடனே, "அண்ணா, சிஎஃப்டி போட்டுடலாமா?" என்றான். சிஎஃப்டி என்பது ஓட்டத்தையே கணினியில் ஓட்டிப் பார்ப்பது. முதலில் எக்செலைத் திற என்றேன், சூத்திரத்தில் எண்ணைப் போட்டால் போதும்.

கணக்கு இதுதான். வெல் 19 மி.மீ. விட்டம், நடுவில் 6.6 மி.மீ. துளை, தாங்கலில்லாத நீளம் 225 மி.மீ. நீராவி நொடிக்கு 25 மீட்டர். வேகத்தை விட்டத்தால் வகுத்து 0.22-ஆல் பெருக்கினால் சுழல் கழலும் அதிர்வெண் 289 ஹெர்ட்ஸ். பிடிமானத்தின் தளர்வைக் கணக்கில் எடுக்காமல், வெல்லின் இயல்பான அதிர்வெண், அதாவது தட்டிவிட்டால் அது தானாக ஆடும் வேகம், 273. இரண்டும் கிட்டத்தட்ட ஒன்று, அப்படியானால் ஆட்டம் பெருகிக்கொண்டே போகும் (ஒத்ததிர்வு). விரிசல் விடாமல் இருந்திருந்தால்தான் ஆச்சரியம்.

சரி, நீளத்தை 150 ஆக்கலாம் என்றான் தம்பி. நீளத்தின் வர்க்கத்துக்கு எதிர்விகிதம் என்பதால் இயல்பு அதிர்வெண் 614-க்கு ஏறும். 289-ஐ வைத்துப் பார்த்தால் விகிதம் 0.47, வரம்பு 0.8. பாஸ். ஆனால் சுழல் வெல்லைப் பக்கவாட்டில் மட்டும் தள்ளுவதில்லை. ஓட்டத்தின் திசையிலும், இரண்டு மடங்கு அதிர்வெண்ணில், முன்னும் பின்னும் தள்ளும். அது 579, 614-ஐ ஒட்டியே. ஒரு பேயிடமிருந்து தப்பி இன்னொரு பேயிடம் மாட்டிக்கொண்ட கதை. 125 மி.மீ. ஆக்கியபோது 885 வந்தது. அப்போதுதான் இரண்டிலிருந்தும் விலகினோம்.

எக்செல் கணக்கின் பலவீனமும் இதுதான்: நாம் சொல்லிக்கொடுத்த விசையை மட்டுமே அது பார்க்கும். ஜப்பானின் மோஞ்ஜு அணுஉலையில் 1995 டிசம்பர் 8 அன்று நடந்தது இதற்குச் சாட்சி. இரண்டாம் நிலை சோடியம் குழாயில் இருந்த தெர்மோவெல், தடிமன் சட்டென்று குறையும் இடத்தில் முறிந்து, ஏறத்தாழ 640 கிலோ சோடியம் கசிந்து தீப்பிடித்தது. வடிவமைத்தவர்கள் ஓட்டத் திசை அதிர்வைப் பார்க்கவில்லை. அப்போதிருந்த 1974-ஆம் ஆண்டு ஏஎஸ்எம்இ (அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கம்) விதியிலும் அது இல்லை. 2010-இல் அதே சங்கம் கொண்டுவந்த பிடிசி 19.3 டிடபிள்யூ என்ற தெர்மோவெல் விதியில்தான் அது ஏறியது.

அடுத்தது மோடல் அனாலிசிஸ், வெல்லின் இயல்பு அதிர்வெண்ணைக் கணினியில் கண்டுபிடிப்பது. இதற்கும் சிஎஃப்டிக்கும் வித்தியாசம் தெரியாமல் பணம் கொடுப்பவர்கள் உண்டு. இது ஓட்டத்தைத் தொடுவதே இல்லை, இரும்பை மட்டும் பார்க்கும். மெல்லிய கிளைக்குழாய், ஃபிளேஞ்ச், வெல்டிங் எல்லாம் சேர்ந்து வெல்லை எவ்வளவு தளர்த்துகின்றன என்பதை எக்செலைவிட நன்றாகச் சொல்லும். அரை நாள் வேலை. வெல் ஏற்கெனவே பொருத்தியிருந்தால் அதுகூட வேண்டாம்: ஷட்டவுனில் அதிர்வை அளக்கும் ஆக்சிலரோமீட்டரை ஒட்டிச் சின்னச் சுத்தியலால் ஒரு தட்டு. நிஜ அதிர்வெண் கையில். என்னைக் கேட்டால் இந்தத் தட்டுக்குத்தான் முதல் மார்க்.

சிஎஃப்டி, அதுவும் ஓட்டத்தையும் இரும்பையும் இணைத்துப் போடும் வகை, பார்க்க அழகு. ஒரு சுழல் சுற்றுக்கு மூன்றரை மில்லிசெகண்ட். அதை ஐம்பது நூறு துண்டாக்கி, நூற்றுக்கணக்கான சுற்று ஓட்ட வேண்டும். சுவரோரம் மெஷ் (கணக்குக்காக ஓட்டத்தைப் பிரிக்கும் கட்டங்கள்) சரியில்லையென்றால் சுழலே பிறக்காது. இவ்வளவும் செய்தபின் ஒத்ததிர்வில் வீச்சு எவ்வளவு என்று கேட்டால், அது டேம்பிங்கை, அதாவது ஆட்டம் தானாக அடங்கும் அளவை, பொறுத்தது. டேம்பிங்கை யார் தருவது? நாம்தான். எக்செலில் போட்ட அதே 0.0005-ஐத்தான் பெரும்பாலும் அங்கேயும் போடுவோம்.

எல்போவை (குழாய் வளைவை) ஒட்டி, வால்வுக்குப் பின்னால், பக்கத்துப் பக்கத்தில் இரண்டு வெல் என்றால் கதை வேறு. அங்கே சீரான வேகம் என்ற எக்செலின் அனுமானமே உடைகிறது. அப்போது சிஎஃப்டிக்குத் தாராளமாகச் செலவழிக்கலாம். சுழலைக் கலைக்க வெளியே சுருள் வரிப்பு போட்ட வெல்களுக்கும் அப்படித்தான், ஏஎஸ்எம்இ விதி அவற்றைத் தொடுவதில்லை. விற்பவர் காட்டும் சோதனை எந்த வேகத்தில் நடந்தது என்று கேளுங்கள்.

அப்புறம், 125 மி.மீ. வெல் போட்ட மறுவாரமே ஆலையிலிருந்து போன்: "சார், டெம்பரேச்சர் குறைச்சுக் காட்டுது." நாசில் (வெல்லைப் பொருத்தும் கிளைக்குழாய்) போக 50 மி.மீ.தான் நீராவிக்குள் இருக்கிறது, தண்டு வழியே சூடு வெளியே ஓடுகிறது. நாசிலுக்கு இன்சுலேஷன் சுற்றச் சொன்னேன். மூன்று முறையில் எதிலும் இதற்கு ஒரு கட்டம் கிடையாது.