கட்டின காயிலா, புதுக் காயிலா?

கார்த்திகை பிறந்துவிட்டால் குமுளி மலைச்சாலையில் பைக் ஓட்டுவதைவிட நிற்பதுதான் அதிகம். லோயர் கேம்ப்பில் ஏறத் தொடங்கி, மின் நிலையத்துக்குத் தண்ணீர் இறங்கும் ராட்சதக் குழாய்களைத் தாண்டுவதற்குள் சாமிமார் வண்டிகள் வரிசை கட்டிவிடும். மேகம் இறங்கியிருப்பதால் ஹெட்லைட்டை அணைக்க முடியாது. அப்படி அரை மணி நேரம் ஐடிலில் நின்று, இன்ஜின் ஒருமுறை ஆஃப் ஆகிவிட்டால் முடிந்தது கதை. செல்ஃபை அழுத்தினால் 'டக்' என்று ஒரு சத்தம்தான். ஒரே சீசனில் மூன்று முறை இப்படித் தள்ளியிருக்கிறேன்.

குமுளியில் மெக்கானிக் சேட்டன் இரண்டு கேள்வி கேட்டுவிட்டு, "கோயில் போயி" என்றார். இன்ஜின் ஓடும்போது பேட்டரிக்குக் கரண்ட் எடுத்துத் தரும் செப்புக் கம்பிச் சுருள்தான் காயில். மலையாளத்தில் அதைக் கோயில் என்றுதான் சொல்வார்கள். சீசன் நேரம் பாருங்கள், கூட வந்த என் மனைவி "எந்தக் கோயிலுக்கு?" என்று கேட்டுவிட்டாள்.

அவர் சொன்னது சரிதான். ஆனால் வோல்ட் மீட்டர் வைக்காமல் சொன்னார். ஐடிலில் பேட்டரியில் 14 வோல்ட் வரவில்லையே என்று பயப்படுகிறவர்கள் நிறைய. சுமார் 1,000 ஆர்.பி.எம்.மில் காயிலைச் சுற்றி ஓடும் மேக்னட் அவ்வளவு தராது. ஹெட்லைட் எரியும்போது ஐடிலில் 12.8, 13 காட்டி, 3,500 பக்கம் முறுக்கினால் 14-ஐத் தொட்டால் வண்டி நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். என் வண்டி ஐடிலில் 12.3, முறுக்கினாலும் 13.1. இது நோய்தான்.

பேட்டரியை வேறொன்று மாற்றிப் பார்த்தேன், அதில் குறையில்லை. அடுத்து, காயிலின் கரண்டைப் பேட்டரிக்கு ஏற்றபடி மாற்றித் தரும் ரெகுலேட்டரின் பிளஸ்ஸுக்கும் பேட்டரி பிளஸ்ஸுக்கும் நடுவில் மீட்டரை வைத்தால் 0.5 வோல்ட். 0.2-க்கு மேல் இருந்தாலே வழியில் எங்கோ திருட்டு நடக்கிறது. காயிலிலிருந்து வரும் மூன்று மஞ்சள் வயர் சேரும் வெள்ளைக் கப்ளரும் (வயர்களை இணைக்கும் பிளக்) வெந்து பழுப்பாகியிருந்தது. அதற்குப் புது டெர்மினல், பிளஸ் லைனில் இருந்த கப்ளருக்குச் சுத்தம், எர்த் போல்ட்டுக்கு உப்புத்தாள். ஐடிலில் 12.6 வந்தது. பாதிக் கிணறு.

மஞ்சள் வயர்களைக் கழற்றிவிட்டு, ஐடிலிலேயே இரண்டிரண்டாக ஏ.சி. வோல்ட் பார்த்தேன். ஒரு ஜோடி 18, மற்ற இரண்டும் 13. மூன்றும் ஏறக்குறைய ஒன்றாக வர வேண்டும். காயிலின் மூன்று சுற்றுப் பிரிவில் ஒன்று, அதாவது ஒரு ஃபேஸ், படுத்துவிட்டது. இதைப் பார்க்காமல் ரெகுலேட்டரை மாற்றியிருந்தால் அந்தக் காசு வீண்தான்.

ஐடிலைக் கூட்டி வைப்பது, எல்.இ.டி. பல்ப் போடுவது என்று சொல்கிறவர்கள் உண்டு. இரண்டும் வலியை மறைக்கும், அவ்வளவுதான். தவிர, பனியில் அந்த வெள்ளை வெளிச்சம் கண்ணுக்கு முன்னால் சுவர் எழுப்பிவிடுகிறது. ஆகவே இரண்டே வழி. கம்பெனிக் காயில் புதிதாக வாங்குவது, அல்லது பழையதைக் கட்டுவது, அதாவது அதில் புதுக் கம்பி சுற்றுவது. பெட்டியில் பெயரில்லாமல் வரும் மலிவுக் காயிலை நான் கணக்கிலேயே எடுக்கவில்லை.

புதுக் காயில்: ஆர்டர் போட்டால் பத்து நாள் என்றார்கள். வந்ததும் மாட்ட வேண்டியதுதான், யோசிக்க ஒன்றுமில்லை. தேர்ந்த கட்டுக்காரர் கிடைக்காத ஊரில் இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு இதையே வாங்குங்கள்.

நான் கட்டினேன். கம்பத்தில் திராட்சைத் தோட்டக் கிணற்று மோட்டார்களைக் கட்டும் ஒரு பட்டறை. செலவு புதுசில் மூன்றில் ஒரு பங்கைவிடக் கொஞ்சம் அதிகம். ஆனால் காசு இங்கே முக்கியமில்லை. புதுசோ பழசோ, ஆயில் இறக்கி, கவர் கழற்றி, கேஸ்கெட் மாற்றும் வேலை ஒன்றுதான். கட்டினது ஆறு மாதத்தில் போய்விட்டால் அத்தனையும் மறுபடி. அதனால் கேட்க வேண்டிய ஒரே கேள்வி, கட்டினது சூட்டைத் தாங்குமா?

காயிலைப் பட்டறை மேஜையில் வைத்ததுமே அது புரிந்தது. கம்பி சுற்றிய இரும்புப் பல்லைத்தான் 'போல்' என்பார்கள், இதில் 18. கீழே ஆயிலில் நனைந்தவை தேன் நிறத்தில் இருந்தன. மேலே நான்கைந்து மட்டும் அடுப்புக்கரி. என் வண்டியில் இருப்பது ஷன்ட் ரெகுலேட்டர். பேட்டரிக்கு வேண்டாத கரண்டைக் காயிலுக்கே திருப்பி ஷார்ட் செய்துவிடும். ஆக, லைட்டை அணைத்தாலும் காயிலுக்கு ஓய்வு கிடையாது. சுற்றிலும் கொதிக்கும் ஆயில் வேறு. மோட்டாருக்குப் போடும் சாதா வயரை இதில் சுற்றினால் கம்பிமேல் இருக்கும் எனாமல் பூச்சு உரிந்து, சுத்துக்குச் சுத்து ஒட்டிக்கொள்ளும். 200 டிகிரி தாங்கும் வயர் வேண்டும். வார்னிஷில் முக்கி அடுப்பில் சுடவும் வேண்டும். வெறுமனே வெயிலில் காயவைக்கும் கடைக்குக் கொடுக்காதீர்கள்.

பட்டறை அண்ணன் ஒரு போலைப் பிளேடால் கீறி, ஒவ்வொரு சுத்தாகப் பிரித்து எண்ணினார். நடுவில் பேச விடவில்லை. எண்ணி முடித்ததும் நான் என் புத்திசாலித்தனத்தைக் காட்டினேன்.

"அண்ணே, போலுக்கு நாலு சுத்து கூடப் போட்டா ஐடில்ல வோல்ட் ஏறும்ல?"

"ஏறும் தம்பி. எடம் இருக்கது இம்புட்டுத்தான். கூடச் சுத்தணும்னா வயரு மெலிசாகணும். மெலிசுல ஆம்பியர் கம்மி, சூடு ஜாஸ்தி. அடுத்த கார்த்திகைக்கு மறுபடி இங்கதான் வருவ."

கம்பெனி போட்ட எண்ணிக்கையே, வயர் தடிமனும் அதே கேஜ். மூன்று நாளில் கொடுத்தார். மாட்டியதும் மஞ்சள் வயர்களில் 18, 18, 17.5. ஹெட்லைட்டோடு ஐடிலில் 12.9, முறுக்கினால் 14.1.

இப்போது 19 மாதம், 16,000 கிலோமீட்டர் ஆகிறது. ஒரு சீசன் முழுக்க மலையில் நின்றும் பார்த்தாகிவிட்டது, செல்ஃப் எடுக்கிறது. ஆனால் வண்டியோடு வந்த கம்பெனிக் காயில் ஏழு வருடம் உழைத்தது. கட்டினது அதில் பாதியாவது வருமா என்பதை நான் இன்னும் பார்க்கவில்லை. கடையில் தனியாக வாங்கும் புதுசு எவ்வளவு தாங்கும் என்பதும் எனக்கு அனுபவமில்லை. நெடுஞ்சாலையில் மணிக்கணக்காக முறுக்குகிறவர்களுக்கு என் கணக்கு பொருந்தாமல் போகலாம். நான் ஏலத் தோட்டத்துக்கும் கம்பத்துக்கும் நடுவில் ஓட்டுகிறவன்.

மறுபடி போனாலும் அங்கேதான் போவேன். என் வண்டியின் சுத்துக் கணக்கை அவர் தன் நோட்டில், கிணற்று மோட்டார் ஒன்றுக்கும் மாவு மில் மோட்டார் ஒன்றுக்கும் நடுவில் எழுதி வைத்திருக்கிறார்.