வசந்த கால விதைப்பு: உழுது விதைப்பதா, உழாமலா?

பனி உருகியபின் தானியப் பண்ணையில் விதைப்புக்குக் கிடைப்பது சில வாரங்கள்தான். இடையே மழை பிடித்துக்கொண்டால் அதிலும் பாதி போய்விடும். ஒன்றிரண்டு டிராக்டரும் வீட்டு ஆட்களும் மட்டுமே உள்ள குடும்பத்துக்கு, நிலத்தை உழுது விதைப்பதா, சென்ற போகத்தில் அறுத்த பயிரின் தாள்களுக்கு நடுவே நேரடியாக விதைப்பதா என்பது பெரிய கேள்வி.

உழவுக்கு ஆதரவான வலுவான காரணம் மண்ணின் சூடு. மக்காச்சோளம் ஒழுங்காக முளைக்க மண்ணில் சுமார் 10 டிகிரி செல்சியஸாவது வேண்டும். உழுத மண் வெயிலை வாங்கிச் சீக்கிரம் சூடேறும், சீக்கிரம் காயும். தாள் மூடிய நிலம் குளிர்ந்து ஈரமாகவே கிடக்கும். கோதுமைக்கு இது பெரிய தொல்லையில்லை. 4 டிகிரியிலேயே முளைக்கத் தொடங்கிவிடும். ஆகவே உழாமல் விதைத்து விளைச்சல் போனதாக யாராவது புலம்பினால், என்ன பயிர், என்ன மண் என்று முதலில் கேட்க வேண்டும்.

உழவுக்குக் கொடுக்கும் விலையும் குறைவல்ல. ஒவ்வொரு சால் ஓட்டத்துக்கும் டீசலும் ஒரு நல்ல நாளும் செலவாகின்றன. பொடியாக்கிய மண்ணில் கனமழை அடித்து வெயில் காய்ந்தால் மேல்மண் இறுகி, முளை வெளியே வர முடியாமல் மடங்கிவிடும். சரிவு நிலத்தில் மேல்மண்ணே அடித்துப் போகும். இந்த இடங்களில் உழாமல் விதைப்பதே மேல். இதில் எனக்குச் சந்தேகமில்லை.

ஆனால் அதன் ஆதரவாளர்கள் அடக்கி வாசிக்கும் விஷயம் ஒன்றுண்டு: கலப்பை செய்த களையெடுப்பைப் பெரும்பாலும் களைக்கொல்லிதான் செய்கிறது. கிளைபோசேட் என்ற களைக்கொல்லிக்கு அசையாத களைகள் பெருகிய வயலில் இந்தக் கணக்கு உதைக்கும்.

இன்னொன்று, ஈரம். ஈரக் களிமண்ணில் விதைப்புக் கருவியின் தட்டு கிழித்த பள்ளத்தின் சுவர்கள் வழவழவென்று மெழுகிப்போகும். வேர் பக்கவாட்டில் நுழைய முடியாமல் பள்ளத்தோடே ஓடும். மண் காய்ந்ததும் பள்ளம் வாய் பிளக்கும். மேலே காய்ந்திருக்கிறதே என்று ஏமாறக் கூடாது. 5 செ.மீ. ஆழத்து மண்ணை எடுத்துப் பிசைந்து, கட்டைவிரலால் நீவிப் பாருங்கள். நாடாவாக நீண்டால் காத்திருக்க வேண்டும், உதிர்ந்தால் இறங்கலாம்.

குளிர்ந்த களிமண்ணில் மக்காச்சோளம் போடுபவர்களுக்கு நடுவழி ஒன்று உண்டு: விதை விழும் பட்டையை மட்டும் இலையுதிர் காலத்திலேயே கிளறிவிட்டு, மற்ற இடத்தில் தாளை விட்டுவைப்பது. பட்டை சூடேறும்; மண்ணும் அரிக்காது. தனிக் கருவிக்கும், அதே பட்டையில் விதை விழ வழிகாட்டும் ஜிபிஎஸ்ஸுக்கும் செலவழிக்க வேண்டும் என்பதுதான் தடை.

முதன்முறை உழாமல் விதைப்பவர்கள் சோயா அறுத்த வயலில் தொடங்குவது நல்லது. அதன் கழிவு குறைவு. கோதுமைத் தாள் என்றால் அறுவடையின்போதே இயந்திரம் வைக்கோலைச் சீராகப் பரப்பியிருக்க வேண்டும். குவியலாக விழுந்த இடத்தில் எவ்வளவு விலையுயர்ந்த விதைப்புக் கருவியும் திணறும்.