ஃப்ரோசன் எம்ப்ரியோ ட்ரான்ஸ்ஃபர் பண்ண சென்டர், கோயம்புத்தூர் - 5-க்கு 4 ஸ்டார்

சென்டர் பேரு இங்க போடலைங்க. ஃப்ரீஸ் பண்ணி வெச்ச கருவ கர்ப்பப்பைக்குள்ள வைக்கிறதுதான் இந்த ட்ரான்ஸ்ஃபர். முதல்ல பாத்த இடத்துல லைனிங் (கர்ப்பப்பையோட உள்சுவர்) 8 மி.மீ வந்துடுச்சு, ஸ்கேன்ல மூணு கோடு நல்லா தெரியுது, பண்ணிடலாம்னு தேதி குடுத்துட்டாங்க, கரு தங்குறதுக்கு வேண்டிய ஹார்மோன் ப்ரோஜெஸ்ட்ரோன் ரத்தத்துல எவ்ளோ இருக்குன்னு ஒருத்தரும் பாக்கல. ரிசல்ட் நெகட்டிவ். அதனாலதான் ஃபெயில் ஆச்சுன்னு சொல்ல வரல, ஆனா ஒரு டெஸ்ட் எடுத்து பாத்திருக்கலாம்ல?

இங்க டாக்டர் மேடம் பொறுமையா சொன்னாங்க. மாத்திரை குடுத்து லைனிங் வளக்குற சைக்கிள்ல முட்டை வெடிக்காது, அதனால உடம்பு தானா சுரக்குற ப்ரோஜெஸ்ட்ரோனும் இருக்காது, முழுக்க நாம வெளிய இருந்து குடுக்குறதுதான். அதுக்காக பிறப்புறுப்புக்குள்ள வைக்கிற ப்ரோஜெஸ்ட்ரோன் கேப்ஸ்யூல் எல்லாருக்கும் ஒரே மாதிரி ரத்தத்துல ஏறாது. ட்ரான்ஸ்ஃபர் சமயத்துல மில்லிக்கு 9, 10 நானோகிராமுக்கு கீழ இருந்தா பிரெக்னன்சி நிக்கிற சான்ஸ் குறையுது, கலையிறதும் கூடுதுன்னு நிறைய ஆய்வுல வந்திருக்காம்.

எனக்கு ட்ரான்ஸ்ஃபருக்கு முந்தின நாள் காலைல ரத்தம் எடுத்தாங்க, 7.4. சாயந்திரமே போன் வந்துடுச்சு, கேப்ஸ்யூலோட ப்ரோஜெஸ்ட்ரோன் ஊசியும் சேத்துட்டாங்க. ரத்தம் எடுக்கறப்ப நர்ஸ் அக்கா முடி கொட்டுதுன்னு பயோட்டின் மாத்திரை ஏதும் போடுறீங்களான்னு கேட்டாங்க, அது டோஸ் ஜாஸ்தியா இருந்தா சில மெஷின்ல ப்ரோஜெஸ்ட்ரோன் இருக்குறத விட கூட காட்டுமாம்! இதெல்லாம் கேக்குறாங்கன்னா நம்பி போலாம்னு தோணுச்சு. இன்னொண்ணு, டைட்ரோஜெஸ்ட்ரோன் மாத்திரை (ப்ரோஜெஸ்ட்ரோன் மாதிரியே வேலை செய்யுற மருந்து) போடுறவங்களுக்கு அது இந்த டெஸ்ட்ல தெரியவே தெரியாது, நம்பர் கம்மியா இருக்கேன்னு பயந்துடாதீங்க.

ஊசி பத்தி சொல்லியே ஆகணும். எண்ணெய்ல கரைச்ச மருந்து, கெட்டியா இருக்கும், அக்கா ஆம்ப்யூல உள்ளங்கைல வெச்சு உருட்டி உருட்டி சூடாக்கிட்டு மெதுவா ஏத்துவாங்க, அப்படியும் போட்ட இடம் கல்லு மாதிரி ஆயிடும், ஒருக்களிச்சுத்தான் படுக்கணும். வெந்நீர் ஒத்தடம் குடுத்தா கொஞ்சம் தேவல.

ஒரு ஸ்டார் ஏன் கொறச்சேன்னா, ரத்த டெஸ்ட் எதுவும் பேக்கேஜ்ல வராது, எல்லாத்துக்கும் தனி பில், அத முன்னாடியே சொல்லவும் மாட்டாங்க. அப்புறம் ட்ரான்ஸ்ஃபர் அன்னிக்கு யூரின் முட்ட முட்ட வரணும்னு சொல்லிட்டு தியேட்டர் லேட், அப்ப நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும், வீட்டுக்காரர் என்னடான்னா பக்கத்துல உக்காந்து ஹாயா காபி குடிக்கிறாரு.

பீட்டா (பிரெக்னன்சி பாக்குற ரத்த டெஸ்ட்) பாசிட்டிவ் வந்துச்சு, இப்போ ஒன்பதாவது வாரம், மருந்து இன்னும் ஓடுது. ஊசி போட்டதாலதான் நின்னுச்சான்னு கேட்டா மேடமே அப்படி சொல்ல முடியாதுங்கறாங்க, எம்ப்ரியோ நல்லா இருக்கறதும் முக்கியம். பீரியட்ஸ் மாசாமாசம் கரெக்டா வர்றவங்க லைனிங் வளக்க மாத்திரை இல்லாம நேச்சுரல் சைக்கிள்ல பண்ண முடியுமான்னு கேட்டு பாருங்க, அதுல உடம்பே ப்ரோஜெஸ்ட்ரோன் சுரக்கும், பிரெக்னன்சில பிரஷர் ஏறுற ரிஸ்க்கும் கம்மின்னு சொல்றாங்க, ஆனா அதுக்கு அடிக்கடி ஸ்கேனுக்கு ஓடணும். பார்க்கிங் வசதி கிடையாது, பைக்ல போங்க.