ஒட்டுறவா, தொடர்புப் போக்கா? தோவாளைப் பிச்சிப்பூ கணக்கு

பிளஸ் ஒன் வணிகக் கணிதத்தில் ஒட்டுறவும் (correlation, இரண்டு அளவுகள் எவ்வளவு சேர்ந்து மாறுகின்றன என்பது) தொடர்புப் போக்கும் (regression, ஒன்றை வைத்து மற்றதைக் கணிப்பது) ஒரே பாடத்தில் அடுத்தடுத்து வருகின்றன. அதனாலேயே இரண்டும் ஒன்றுதான் என்று நினைத்துவிடும் பிள்ளைகள் அதிகம். அதனால் சூத்திரத்தை எழுதும் முன் நான் கன்னியாகுமரி மாவட்டத்துத் தோவாளை பூச்சந்தையைப் பற்றித்தான் பேசுவேன். பிச்சிப்பூ வரத்து கூடினால் விலை இறங்கும் என்பது எங்கள் ஊரில் யாரும் சொல்லித்தர வேண்டாத விஷயம்.

கணக்குக்காக ஐந்து நாள் எண்களை நாமே வைத்துக்கொள்வோம். வரத்து 100, 200, 300, 400, 500 கிலோ. கிலோ விலை முறையே 900, 850, 600, 550, 350 ரூபாய்.

ஒட்டுறவை அளக்கும் எண்ணான ஒட்டுறவுக் கெழுவைப் போட்டால் −0.98 வருகிறது. இந்த எண் எப்போதும் −1க்கும் +1க்கும் நடுவில்தான் நிற்கும். ஒன்று ஏற மற்றது இறங்குகிறது, பிணைப்பு மிக வலுவானது என்று சொல்லும். கிலோவை டன்னாக மாற்றினாலும் எண் மாறாது. அதுதான் இதன் பெரிய வசதி. பூ வரத்துக்கும் விலைக்கும் உள்ள பிணைப்பையும், மழைக்கும் ரப்பர் பாலுக்கும் உள்ள பிணைப்பையும் பக்கத்தில் வைத்து எது நெருக்கம் என்று பார்க்க இது போதும். ஆனால் நாளைக்கு 350 கிலோ வந்தால் விலை என்ன என்று கேட்டால் இதனிடம் பதில் இல்லை.

அதற்குத் தொடர்புப் போக்கு வேண்டும். மீச்சிறு வர்க்க முறையில் (பிழைகளின் வர்க்கங்களின் கூடுதல் மிகக் குறைவாக வரும்படி கோடு போடும் முறை) நம் எண்களுக்குக் கிடைக்கும் கோடு: விலை = 1070 − 1.4 × வரத்து. 100 கிலோ கூடினால் 140 ரூபாய் குறையும். 350 கிலோவுக்கு 580 ரூபாய். வியாபாரிக்கு உதவுவது இதுதான். ஒன்றை மட்டும் எடுத்துக்கொள் என்றால் நான் இதைத்தான் எடுப்பேன்.

பிள்ளைகள் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று: பாடத்தில் ஏன் இரண்டு கோடுகள்? ஒட்டுறவுக்கு எது காரணம், எது விளைவு என்ற கவலை இல்லை. இடம் மாற்றிப் போட்டாலும் அதே −0.98. தொடர்புப் போக்குக்குத் திசை உண்டு. வரத்தை வைத்து விலையைக் கணிக்கும்போது விலையில் வரும் பிழையைக் குறைக்கிறோம். விலையை வைத்து வரத்தைக் கணித்தால் வரத்தின் பிழையைக் குறைக்கிறோம். வேலை வேறு, அதனால் கோடும் வேறு. அந்த இரண்டாவது கோட்டை அதே வரைபடத்தில் போட்டால் 100 கிலோவுக்கு 146 ரூபாய் என்ற சரிவு தெரியும். புள்ளிகள் எல்லாம் ஒரே நேர்கோட்டில் விழுந்தால் மட்டுமே இரண்டும் ஒன்றாகும். இரண்டு கோடுகளின் தொடர்புப் போக்குக் கெழுக்களையும் (ஒரு கிலோ கூடினால் விலை மாறுவது −1.4, ஒரு ரூபாய் கூடினால் வரத்து மாறுவது −0.683) பெருக்கினால் ஒட்டுறவுக் கெழுவின் வர்க்கம் வரும் (இங்கே சுமார் 0.96). இவ்விரண்டுக்கும் உள்ள சொந்தம் அந்தப் பெருக்கலில்தான் இருக்கிறது.

ஆனால் அதிகம் பயன்படுவதுதான் அதிகம் ஏமாற்றவும் செய்யும். அதே கோட்டில் 800 கிலோவைப் போட்டுப் பாருங்கள். விலை −50 ரூபாய்! நம்மிடம் இருந்தது 500 கிலோ வரையிலான எண்கள்தான். அதற்கு அப்பால் கோட்டை நீட்டியது நம் தவறு.

முப்பந்தல் காற்றாலைகளில் வேறு சிக்கல். காற்றின் வேகம் இரட்டித்தால் அதிலிருக்கும் திறன் எட்டு மடங்காகும். ஆலை தன் முழுத் திறனைத் தொட்டபின், காற்று இன்னும் வேகமாக அடித்தாலும் உற்பத்தி ஏறாது. இந்த வளைவுக்கு நேர்கோடு பொருந்தாது, ஒட்டுறவுக் கெழுவும் முழுக் கதையைச் சொல்லாது. 1973இல் புள்ளியியலாளர் பிரான்சிஸ் ஆன்ஸ்கோம் நான்கு எண் தொகுதிகளைக் காட்டினார். நான்கிலும் ஒட்டுறவுக் கெழு ஏறத்தாழ 0.816, தொடர்புப் போக்குக் கோடும் ஏறத்தாழ ஒன்றே. படம் போட்டால் நான்கும் நான்கு விதம். அதனால் எதைக் கணக்கிடுவதானாலும் முதலில் சிதறல் விளக்கப்படம், அதாவது எண்களைப் புள்ளிகளாக வைத்த வரைபடம்.

ஓணம் நேரத்தில் தோவாளையில் வரத்தும் கூடும், கேரளத்துக்குப் பூ போவதால் விலையும் ஏறும். அந்த நாள்களை மற்ற நாள்களோடு கலந்தால் கெழு தளர்ந்துவிடும், கோடும் தன் சரிவை இழக்கும். வரத்து விலையை ஏற்றவில்லை, பண்டிகைதான் இரண்டையும் ஏற்றியது. என் மாணவர்களிடம் ஓண நாள்களுக்குச் சிவப்பு மையில் புள்ளி வைக்கச் சொல்கிறேன். வரைந்து முடித்ததும் அந்தச் சிவப்புப் புள்ளிகள் தனியாக மேலே நிற்பது அவர்களுக்கே தெரிந்துவிடுகிறது.