நாவல் வாசிப்பு வட்டமும் இலக்கிய முகவர் தேடலும்: ஹட்டனிலிருந்து ஒரு நீண்டகால அனுபவப் பகிர்வு

இலங்கை மலையகத்தில் ஹட்டன், தலவாக்கலை, பொகவந்தலாவை, பண்டாரவளை போன்ற ஊர்களில் இருந்துகொண்டு நாவல் எழுதுகிறவர்களுக்கு இரண்டு கேள்விகள் ஓயாமல் வரும். எழுதியதை யாரிடம் காட்டுவது? யார் மூலம் வெளியுலகுக்குக் கொண்டுபோவது? இந்த இரண்டுக்குமாக கூகுள் டொக்ஸ், வட்ஸ்அப் குரல் பதிவு, குவெரி டிராக்கர் என்ற மூன்றையும் நான் சில ஆண்டுகளாகத் தொடர்ந்து பயன்படுத்தி வருகிறேன். முதல் இரண்டும் கைப்பிரதியைச் செப்பனிட. மூன்றாவது, எழுத்தாளருக்காகப் பதிப்பகத்தோடு பேசும் இலக்கிய முகவரைத் தேட உதவும் இணையத்தளம். என் கருத்தை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: கைப்பிரதியைப் பற்றிய விமர்சனத்தை வாசகரிடமிருந்துதான் பெற வேண்டும், முகவரிடமிருந்து அதை எதிர்பார்க்கக் கூடாது. இதைத் தெரிந்துகொண்டு இறங்கினால் மூன்று கருவிகளும் நன்றாகவே பயன் தருகின்றன.

எங்கள் வாசிப்பு வட்டத்தில் ஆசிரியர்கள், தேயிலைத் தோட்டத்து இளைஞர்கள், ஓய்வுபெற்ற ஒரு கணக்கப்பிள்ளை, கொழும்பில் வேலை செய்யும் எங்கள் ஊர்ப் பிள்ளைகள் என்று பலதரப்பட்டவர்கள் இருக்கிறார்கள். எல்லோரும் எழுதுகிறவர்கள் அல்லர். தொடக்கத்தில் பெரிய தடையாக இருந்தது எழுத்துருதான். இலங்கையில் பலரிடம் பழைய கைப்பிரதிகள் பாமினி எழுத்துருவில் கிடக்கின்றன. அவற்றை அப்படியே கூகுள் டொக்ஸில் ஒட்டினால் ஆங்கில எழுத்துகளின் குவியலாகத்தான் தெரியும். இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் மாற்றிகளைக் கொண்டு யூனிகோடுக்கு மாற்றிவிட்டு, ஒற்றுப் பிழைகளையும் மேற்கோள் குறிகளையும் ஒருமுறை கண்ணால் பார்த்துத் திருத்த வேண்டும். அதன்பின் ஒவ்வோர் அத்தியாயத்தையும் தனிக் கோப்பாக வைப்பது நல்லது. முழு நாவலையும் ஒரே கோப்பில் வைத்தால் விலை குறைந்த தொலைபேசிகளில் அது திறக்கவே நேரமெடுக்கிறது. சிக்னல் கிடைக்காத தோட்டங்களில் இருப்பவர்கள், டவுனுக்கு வரும் நாளில் கோப்பை இணையமில்லாமலும் திறக்கும்படி வைத்துக்கொண்டு, வீட்டில் வாசித்துக் குறிப்பிட்டுவிட்டு, அடுத்த முறை சிக்னல் கிடைக்கும்போது அது தானாகச் சேர்ந்துவிடும்படி செய்கிறார்கள். இந்த வசதி ஒன்றுக்காகவே நான் கூகுள் டொக்ஸை விட மாட்டேன்.

வாசிக்கிறவர்களுக்குத் திருத்தும் அனுமதி கொடுப்பதில்லை, கருத்து எழுதும் அனுமதி மட்டுமே கொடுக்கிறோம். இது வட்டத்தில் நெடுநேரம் பேசி எடுத்த முடிவு. நல்ல எண்ணத்தோடு ஒருவர் வாக்கியத்தை மாற்றி எழுதித் தந்தால், எழுதியவர் அந்த வாக்கியத்தை ஏற்பதா மறுப்பதா என்றுதான் பார்ப்பாரே தவிர, அந்த இடத்தில் வாசகருக்கு ஏன் இடறியது என்று யோசிப்பதில்லை. அதனால், எந்த இடத்தில் வாசிப்பதை நிறுத்தினீர்கள், எதை நம்ப முடியவில்லை, அடுத்து என்ன நடக்கும் என்று நினைத்தீர்கள் என்பவற்றை மட்டும் எழுதச் சொல்கிறோம். "நன்றாக இருக்கிறது" என்ற பாராட்டு மனதுக்கு இதமானதுதான், ஆனால் அதை வைத்துக்கொண்டு ஓர் அத்தியாயத்தைத் திருத்த முடியாது.

இந்த முறையில் எனக்குக் கிடைத்த மிகச் சிறந்த விமர்சனம் எழுத்தில் வந்ததல்ல. எங்கள் வட்டத்தில் நீண்ட காலம் கொழுந்து பறித்து ஓய்வுபெற்ற ஓர் அக்கா இருக்கிறார். அவருக்குப் பேத்தி அத்தியாயங்களை வாசித்துக் காட்டுவாள், அவர் கேட்டுவிட்டு வட்ஸ்அப்பில் குரல் பதிவு அனுப்புவார். என் நாவலில் மழை நாளொன்றின் மாலையில் பெண்கள் கொழுந்து நிறுக்கும் காட்சி வருகிறது. நாயகி அன்று காலையிலிருந்தே கோபமாக இருக்கிறாள், நிறுவை முடிந்து வீடு திரும்பும் வழியில் கங்காணியோடு சண்டை பிடிக்கிறாள். எழுதுகிற நண்பர்கள் எல்லோரும் உரையாடலைப் பாராட்டினார்கள். அக்காவின் குரல் பதிவு இப்படி வந்தது: "டீச்சர், மழை பேஞ்ச அன்னிக்குத் தண்ணிக்குன்னு கழிக்காம விடுவாங்களா? சாக்குக்கும் சேத்துல்ல கழிப்பாங்க. அந்தப் புள்ள சண்டை போடணும்னா தராசுகிட்டயே போட்டுரும், வழியில வந்து எதுக்குப் போடுது?"

அந்த ஒரு குறிப்பினால் காட்சி முழுவதும் தராசின் அடிக்கு நகர்ந்தது. நனைந்த கொழுந்துக்காகக் கழிக்கப்படும் கிலோக்கள், அதனால் அன்றைய நிறை குறைந்து அரைநாள் சம்பளமே கிடைக்கும் என்ற பயம், பின்னால் வரிசையில் நிற்கும் பெண்களின் மௌனம் ஆகிய எல்லாம் சேர்ந்து, அவளுடைய கோபத்துக்கு நான் தனியாகக் காரணம் எழுத வேண்டிய தேவையே இல்லாமல் செய்துவிட்டன. தோட்டத்து நாவல் எழுதுகிற எவரும், அந்த வேலையைச் செய்தவர்களைக் கட்டாயம் முதல் வாசகர்களாக்க வேண்டும் என்று மனதார வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன். அவர்கள் வாசிக்கத் தயங்கினால் வாசித்துக் காட்டுங்கள். மறுபக்கம், லயத்தையே (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளையே) பார்த்திராத யாழ்ப்பாணத்து, மட்டக்களப்பு வாசகர்களும் வேண்டும். இஸ்தோப்பு (லயத்து வீட்டின் முன் திண்ணை), பீலி (தண்ணீர் பிடிக்கும் இடம்), பெரட்டுக்களம் (காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் இடம்) எல்லாம் நமக்கு விளக்கம் தேவைப்படாதவை. கதை ஓட்டத்திலேயே அவை புரிகின்றனவா என்பதை வெளியூர் வாசகர்தான் சொல்ல முடியும். இந்த இரு சாராரின் கருத்துகளையும் ஒரே கோப்பில் கலக்காமல் தனித்தனிப் பிரதிகளில் பெறுவது என் வழக்கம். ஒருவர் சொன்னதைப் பார்த்து மற்றவர் தன் கருத்தை விழுங்கிவிடுகிற பழக்கம் நம்மவர்களிடம் அதிகம், அதிலும் ஒரு சேர் (ஆசிரியர்) முதலில் எழுதிவிட்டால் பிள்ளைகள் வாயே திறப்பதில்லை.

இனி முகவர் தேடல். இலங்கைத் தமிழ்ப் பதிப்புலகில் எழுத்தாளர் நேரடியாகப் பதிப்பகத்தோடு பேசுவதுதான் வழக்கம். பல வேளைகளில் அச்சுச் செலவையும் அவரே ஏற்று, வெளியீட்டு விழாவில் முதற்பிரதி, சிறப்புப்பிரதி வாங்குவோரின் ஆதரவில் அதை ஈடுசெய்கிறார். இலக்கிய முகவர் என்பவர் பிரித்தானியா, அமெரிக்கா போன்ற ஆங்கிலப் பதிப்புலகங்களில் எழுத்தாளருக்காகப் பதிப்பகத்தோடு பேரம் பேசுபவர். இந்தியாவிலும் ஜெய்ப்பூரின் சியாஹி போன்ற நிறுவனங்கள் இருக்கின்றன. வழமையான தரகு உள்நாட்டு உரிமைக்கு 15 வீதம், வெளிநாட்டு, மொழிபெயர்ப்பு உரிமைகளுக்கு 20 வீதம். அது எழுத்தாளருக்குப் பணம் வரும்போது மட்டுமே கழிக்கப்படும். வாசிப்புக் கட்டணம், பதிவுக் கட்டணம் என்று முன்கூட்டியே பணம் கேட்பவரை முகவராகக் கருதவே கூடாது. எனக்கும் அப்படியொரு மின்னஞ்சல் வந்தது. கைப்பிரதியை வாசிக்காமலேயே புகழ்ந்துவிட்டு, செம்மையாக்கத்துக்கென டொலரில் ஒரு தொகை கேட்டிருந்தார்கள். இப்படிப்பட்டவர்களைப் பற்றி எச்சரிக்கும் ரைட்டர் பிவேர் என்ற தளத்தைப் பார்த்துவிட்டே எந்தப் பதிலையும் அனுப்புங்கள். பிரித்தானியாவில் 1974இல் தொடங்கப்பட்ட எழுத்தாளர் முகவர்கள் சங்கத்தின் உறுப்பினர் பட்டியலும் சரிபார்க்க உதவும்.

தமிழ்க் கைப்பிரதியை இந்த முகவர்களில் மிகப் பெரும்பாலோரால் வாசிக்க முடியாது என்பதால் ஆங்கில வடிவம் இன்றியமையாதது. முதல் நாவல் என்றால் மாதிரி அத்தியாயங்கள் மட்டும் போதாது, கேட்டவுடன் அனுப்ப முழுப் பிரதியும் தயாராக இருக்க வேண்டும். மொழிபெயர்ப்பாளரோடு பங்கீட்டை எழுத்தில் பேசிக்கொள்வது உறவைக் காப்பாற்றும். ஆங்கிலத்தில் பெரியோருக்கான இலக்கிய நாவலுக்கு ஏறத்தாழ 80,000 முதல் 100,000 சொற்கள் வரை எதிர்பார்க்கிறார்கள். தமிழில் ஒரே சொல்லாக நிற்பது ஆங்கிலத்தில் மூன்று நான்காக விரிவதால், தமிழ்ப் பிரதியின் சொற்கணக்கைப் பார்த்து நாவல் சிறியது என்று கவலைப்படத் தேவையில்லை.

முகவருக்கு அனுப்பும் விண்ணப்பக் கடிதம் ஒரு பக்கம், சுமார் 300 சொற்கள். அதில் கதை, சொற்கணக்கு, அண்மைக் காலத்தில் வெளியான ஒப்பிடத்தக்க ஓரிரு நாவல்கள், எழுதியவரைப் பற்றிய சில வரிகள் இருக்க வேண்டும். பிரித்தானிய முகவர்கள் பெரும்பாலும் முதல் மூன்று அத்தியாயங்களும் முடிவைச் சொல்லிவிடும் கதைச்சுருக்கமும் கேட்பார்கள். அமெரிக்கர்கள் பலர் முதல் சில பக்கங்களோடு நிறுத்திக்கொள்வார்கள். நம்மவர்கள் எழுதும் கடிதங்கள் 1948இன் குடியுரிமைச் சட்டம், 1964இன் சிறிமா சாஸ்திரி ஒப்பந்தம், 2023இல் நினைவுகூரப்பட்ட மலையகத் தமிழர் வருகையின் இருநூறு ஆண்டுகள் என்று வரலாற்றிலேயே பாதியை முடித்துவிடுகின்றன. அந்த வரலாறு நமக்கு உயிர். எனினும் கடிதத்தில் நாவலின் நாயகிக்கு என்ன வேண்டும், எது தடுக்கிறது, தவறினால் எதை இழப்பாள் என்பது முதலில் வர வேண்டும். எங்கள் வட்டம் இப்போது கடிதங்களையும் அத்தியாயங்களைப் போலவே வாசித்துக் கருத்துச் சொல்கிறது. நாவலை வாசிக்காத ஒருவருக்குக் கடிதத்தை மட்டும் கொடுத்து, கதை என்னவென்று திருப்பிச் சொல்லச் சொல்வது எங்களுக்கு நல்ல பரிசோதனையாக அமைந்திருக்கிறது.

குவெரி டிராக்கர் 2007 முதல் இயங்கும் தளம். எந்த முகவர் இப்போது விண்ணப்பம் ஏற்கிறார், எந்த வகை நாவல் தேடுகிறார், மற்றவர்களுக்கு எவ்வளவு காலத்தில் பதில் தந்திருக்கிறார் என்பவற்றை அதில் பார்க்கலாம். யாருக்கு எப்போது அனுப்பினோம் என்பதையும் பதிந்து வைக்கலாம். இலவசக் கணக்கே தொடக்கத்துக்குப் போதும். நான் சந்தா சேர்ந்தபோது ஆண்டுக்கு 25 டொலர். கூடுதல் விபரங்களுக்கு அது தகும், ஆனால் ரூபாவில் பெரிய தொகை என்பதால் வட்டத்தில் ஒருவர் சேர்ந்து மற்றவர்களுக்கு வழிகாட்டலாம். குறை என்றால், தகவல்கள் பயனர்கள் தாமாகப் பதிவதைப் பொறுத்தவை, மேலும் பட்டியல் பெரும்பாலும் அமெரிக்க முகவர்களையே கொண்டது. பல முகவர்கள் விருப்பமில்லையெனில் பதிலே அனுப்புவதில்லை. வருகிற மறுப்புகளும் எல்லோருக்கும் ஒரே மாதிரி அனுப்பப்படும் வரிகளே. அந்த வரிகளை வைத்து நாவலைத் திருத்த முற்படாதீர்கள், அவற்றில் உங்கள் நாவலைப் பற்றி எதுவும் இல்லை. முழுப் பிரதியை வாசித்த ஒரு முகவர், நடுப்பகுதி மெதுவாகச் செல்கிறது என்று எனக்கு எழுதினார். எங்கள் கணக்கப்பிள்ளை ஐயா அதையே எந்த அத்தியாயத்தில், எந்தப் பக்கத்தில் என்று முன்னரே குறித்திருந்தார்.

எழுதியவரைப் பற்றிய வரிகளுக்கு வலுச் சேர்க்க, உள்ளூரிலும் வெளியிலும் வாய்ப்புகள் உள்ளன. கொமன்வெல்த் சிறுகதைப் பரிசுக்கு மொழிபெயர்க்காமல் தமிழிலேயே கதை அனுப்பலாம், கட்டணம் இல்லை. நாவலாசிரியர் மைக்கேல் ஒண்டாச்சி தமது புக்கர் பரிசுப் பணத்தைக் கொண்டு 1992இல் நிறுவிய கிரேஷன் பரிசுக்கு, இலங்கையில் வசிப்போரின் அச்சேறாத ஆங்கிலக் கைப்பிரதிகளும் ஏற்கப்படுகின்றன. தமிழிலிருந்தும் சிங்களத்திலிருந்தும் ஆங்கிலத்துக்கு வரும் மொழிபெயர்ப்புகளுக்கு அதே அமைப்பு எச்.ஏ.ஐ. குணதிலக்க பெயரில் தனிப் பரிசு வழங்குகிறது.

ஆங்கிலப் பிரதி இப்போது முகவர்களிடம் இருக்கிறது, தமிழ் நாவலை அதற்காக நிறுத்தி வைக்கவில்லை. தேசிய நூலகத்தில் ஐ.எஸ்.பி.என். (நூலுக்கான சர்வதேச எண்) பெற்று அச்சுக்குக் கொடுக்கிறேன். பதிப்பாளரோடு செய்த ஒப்பந்தத்தில் தமிழ் அச்சுரிமை மட்டுமே அவருக்கு என்றும், ஆங்கிலம் உட்பட மொழிபெயர்ப்பு உரிமைகளும் திரைப்பட உரிமையும் எழுத்தாளரிடமே இருக்கும் என்றும் எழுதிக்கொண்டோம். நம்மிடையே பல புத்தகங்கள் வாய்ப்பேச்சிலேயே அச்சேறுகின்றன. மொழிபெயர்ப்பு உரிமை யாரிடம் என்று காட்ட எழுத்தில் ஏதுமில்லாவிட்டால், பின்னால் வரும் எந்த முகவராலும் அந்த நாவலைக் கையிலெடுக்க முடியாது.