பழைய டெஸ்க்டாப்: எஸ்எஸ்டி போடலாமா, ரீஃபர்பிஷ்டு வாங்கலாமா?

எங்கள் வீட்டு டெஸ்க்டாப் ஐ3-4130 பிராசஸர், எச்81 மதர்போர்டு, 4 ஜிபி ரேம், 500 ஜிபி ஹார்ட் டிஸ்க் கொண்டது. ஆன் செய்துவிட்டு டீ போட்டுக் குடித்து வரலாம், அப்படி ஒரு வேகம். கையில் இருந்த காசுக்கு மூன்று வழிகள் தெரிந்தன: எஸ்எஸ்டியும் (ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாக வரும் வேகமான சிப் டிஸ்க்) கொஞ்சம் ரேமும் போடுவது; சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் எட்டாம் தலைமுறை ஐ5 உள்ள ரீஃபர்பிஷ்டு (பழையதைச் சரிபார்த்து விற்கும்) ஆபீஸ் மெஷின் வாங்குவது; போர்டு, பிராசஸர், ரேம் எல்லாவற்றையும் புதிதாக மாற்றுவது. நான் முதல் வழியில் போனேன், இன்றும் அதைத்தான் சொல்வேன்.

கடைசி வழியைப் பற்றி அதிகம் பேச வேண்டாம். ஏஐ டேட்டா சென்டர்கள் மெமரியை அள்ளிக்கொண்டதில் 2025 கடைசியில் ரேம் விலை எகிறிவிட்டது. சின்ன பட்ஜெட்டில் அது கட்டுப்படியாகாது.

மீதி இரண்டில் நான் முக்கியமாகப் பார்த்தது ஒன்றுதான்: நாளைக்கே போர்டு போய்விட்டால், இன்று போட்ட காசில் எவ்வளவு மிஞ்சும்? சாட்டா கேபிளில் மாட்டும் எஸ்எஸ்டியைக் கழற்றி அடுத்த கணினியில் மாட்டலாம், லேப்டாப்பில் போடலாம், ஒரு யுஎஸ்பி கேஸில் செருகி வெளி டிஸ்க்காகவும் வைத்துக்கொள்ளலாம். எங்கள் போர்டுக்கான பழைய வகை டிடிஆர்3 ரேமுக்கு அந்த வாழ்வு இல்லை. அடுத்த வகையான டிடிஆர்4 போர்டில் அது உட்காரவே உட்காராது. எங்கள் போர்டின் எல்ஜிஏ1150 பிராசஸர் சாக்கெட்டுக்கு வாங்கும் ஐ5-ம் அப்படித்தான். அதனால் எஸ்எஸ்டியை வாரண்டியோடு புதிதாகவும், ரேமை செகண்ட் ஹேண்டிலும் வாங்கினேன். பிராசஸரைத் தொடவில்லை.

வாங்குமுன் டாஸ்க் மேனேஜரைத் திறந்து பாருங்கள். டிஸ்க் 100 சதவீதத்தில் நின்று, சிபியு சும்மா இருந்தால் பிரச்சினை ஹார்ட் டிஸ்க்தான். அது ஒரு சின்ன ஃபைலைத் தேடி எடுக்கவே பத்து மில்லி செகண்டுக்கு மேல் ஆகும். எஸ்எஸ்டிக்கு அதில் நூறில் ஒரு பங்குகூட ஆகாது. எச்81 போர்டில் வேகமான 6ஜி சாட்டா போர்ட்டுகள் இரண்டு உண்டு, போர்டிலேயே எழுதியிருக்கும், அதில் மாட்டுங்கள். பயாஸில் (போர்டின் செட்டிங் திரை) டிஸ்க் மோட் ஏஎச்சிஐ என்று இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். டிவிடி டிரைவ் பயன்படாமல் கிடந்தால் அதன் பவர் கேபிளே போதும், எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை) மாற்ற வேண்டாம். பழைய ஹார்ட் டிஸ்க் போட்டோவுக்கும் பாட்டுக்கும் இருக்கட்டும். 256 ஜிபி எஸ்எஸ்டியே எங்களுக்குத் தாராளமாக இருக்கிறது. இப்போது டெஸ்க்டாப் திரை வந்து நிற்பதற்குள் டீக்குப் பால்கூட வைக்க முடியாது.

ரீஃபர்பிஷ்டு பக்கம் உண்மையான பலம் ஒன்று உண்டு: விண்டோஸ் 11. ஐ5-8500 போன்றவை மைக்ரோசாஃப்டின் அதிகாரபூர்வப் பட்டியலிலேயே இருக்கின்றன, எங்கள் ஐ3 போன்ற நான்காம் தலைமுறை இல்லை. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது. அதனால் நான் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இலவச ஓஎஸ் போட்டுக்கொண்டேன். பிரவுசர், லிப்ரே ஆபீஸ், தமிழ்99 தட்டச்சு எல்லாம் ஓடுகிறது. டேலி, போட்டோஷாப் என்று பிழைப்பே விண்டோஸில் இருப்பவர்களுக்கு இது சரிப்படாது. அவர்கள் ரீஃபர்பிஷ்டு வாங்குவதே நியாயம்.

ஆனால் அங்கேயும், ஒரு பாகம் போனால் போட்ட காசு என்ன ஆகும் என்ற அதே கேள்வியைக் கேளுங்கள். டெல், எச்பி ஆபீஸ் மெஷின்கள் பலவற்றில் எஸ்எம்பிஎஸ்ஸும் போர்டும் அந்த கம்பெனியின் தனி அளவில் இருக்கும். எஸ்எம்பிஎஸ் போனால் தெருமுனைக் கடையில் கிடைக்கும் சாதா ஏடிஎக்ஸ் (பொது அளவு) எஸ்எம்பிஎஸ் பொருந்தாது. அதே மாடலைத் தேடி அலைய வேண்டும். இவற்றை நண்பர் அலுவலகத்தில் உட்கார்ந்து பார்த்ததோடு சரி, நாலு வருடம் எப்படி உழைக்கும் என்று என் அனுபவத்தில் சொல்ல முடியாது. வாங்குவதானால் சின்ன கேபினட்டை விட்டு டவர் மாடலாகப் பாருங்கள்; கடையிலேயே மூடியைத் திறந்து, எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து போர்டுக்குப் போவது வழக்கமான 24 பின் கனெக்டர்தானா என்று பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள்.