மரை வளையமா, பேயோனெட்டா, சதுரத் தகடா: மீடியம் ஃபார்மட்டுக்கு எந்த ஃபில்டர்?

மீடியம் ஃபார்மட்டில் (35 மி.மீ.-ஐவிடப் பெரிய ஃபிலிமோ சென்சாரோ உள்ள கேமராவில்) ஃபில்டர் வாங்கப் போகிறவர் பிராண்டுக்கு முன்னால் லென்ஸின் வாயைப் பார்க்க வேண்டும். மாமியா ஆர்பி67, ஆர்இசட்67 லென்ஸ்களில் பெரும்பாலானவை 77 மி.மீ. மரை. பென்டாக்ஸ் 67-இன் 105 மி.மீ. லென்ஸுக்கு 67. ஃபூஜி ஜிஎஃப்எக்ஸின் 63 மி.மீ. லென்ஸுக்கு 62. ஹாசல்பிளாட் 500 வரிசையில் பெரும்பாலும் மரை கிடையாது. சிஎஃப் லென்ஸ்களில் பெரும்பாலானவற்றுக்கு பே 60 என்ற அளவிலான பேயோனெட் (திருப்பிப் பூட்டும் பொருத்து), பழைய சி 80-க்கு பே 50. யாஷிகாமேட் 124ஜி-க்கு பே 1. ஆகவே எதிரே இருப்பவை மூன்று வழிகள்: லென்ஸுக்கென்றே செய்த பேயோனெட் ஃபில்டர், ஸ்டெப்-அப் ரிங் (சிறிய வாயில் பெரிய ஃபில்டரை மாட்ட உதவும் வளையம்) போட்டு 77 மி.மீ. வட்ட ஃபில்டர், ஹோல்டரில் செருகும் 100 மி.மீ. சதுரத் தகடு.

ஒகேனக்கல் சாரலும் கிருஷ்ணகிரி குவாரிப் பக்கத்துக் கல்தூளும் நம்மைச் சுற்றியிருக்கும்வரை எங்கள் தேர்வு 77 வட்டம்தான்.

பேயோனெட் ஃபில்டரின் பலம் அதன் பிடிப்பு. கால் திருப்பில் பூட்டிக்கொள்ளும், லென்ஸோடு வந்த ஹுட்டும் அதன் மேலேயே ஏறும். ஆனால் கிடைப்பவை பெரும்பாலும் பழையவை. கறுப்பு வெள்ளைக்கான மஞ்சள், ஆரஞ்சு போதும் என்பவர் தயங்காமல் வாங்கலாம். பளபளப்பை வெட்டும் நல்ல போலரைசரோ, ஒளியைக் குறைக்கும் 10 ஸ்டாப் என்.டி.யோ (ஒரு ஸ்டாப் என்றால் ஒளி பாதியாகும்) அந்த அளவில் தேடி அலைய வேண்டும். கிடைத்தாலும் வேறு கேமராவுக்கு உதவாது.

77 வட்டத்துக்கு ஒவ்வொரு லென்ஸுக்கும் ஒரு ரிங் போதும். ஹாசல்பிளாட்டுக்கு மட்டும் இரண்டு: பே 60-இலிருந்து 67, அதிலிருந்து 77. பித்தளை வளையம் உள்ளதாகப் பாருங்கள். அலுமினியத்தின் மேல் அலுமினியம் வெயிலில் இறுகிக் கடித்துக்கொள்ளும். சிக்கிவிட்டால் இரு விரலால் பக்கவாட்டில் நெரிக்கக் கூடாது. வளையம் நீள்வட்டமாகி இன்னும் இறுகும். விளிம்பைச் சுற்றி அகலமான ரப்பர் பேண்ட் போட்டு, சுற்றிலும் ஒரே அழுத்தமாகப் பிடித்துத் திருப்பினால் வரும். இந்த வழியின் குறை, பழைய ஹுட் பொருந்தாது. எதிர்வெயிலில் தனி 77 ஹுட் வேண்டும், அல்லது ஓர் அட்டையை நிழலுக்குப் பிடிக்க வேண்டும்.

அகல லென்ஸில் ரிங்குகள் படத்தின் மூலையைக் கறுப்பாக்குகின்றனவா என்பதை வியூஃபைண்டரில் நம்ப முடியாது. பல ஃபைண்டர்கள் முழு ஃபிரேமைக் காட்டுவதில்லை. ஃபிலிம் இல்லாமல் பின்பக்கத்தைத் திறந்து, ஃபோகஸை இன்ஃபினிட்டியில், அபர்ச்சரை எஃப்/16-இல் வைத்து, ஷட்டரை பி-யில் (பொத்தானை அழுத்தியிருக்கும்வரை திறந்திருக்கும் நிலையில்) திறந்தபடி ஃபிலிம் கேட்டின் மூலையிலிருந்து பாருங்கள். அபர்ச்சரின் வடிவம் முழுதாகத் தெரிந்தால் பிழையில்லை. ஒரு பக்கம் வெட்டுப்பட்டால் ஒரு ரிங் குறைய வேண்டும்.

சதுரத் தகட்டை வாங்க ஒரே காரணம் கிராஜுவேட்டட் ஃபில்டர், அதாவது மேல்பாதி இருண்டும் கீழ்பாதி தெளிவாகவும் உள்ள தகடு. கிருஷ்ணகிரி கே.ஆர்.பி. அணையில் அந்திவானத்தையும் இருண்ட கரையையும் ஸ்லைடு ஃபிலிமிலோ டிஜிட்டலிலோ ஒரே ஃபிரேமில் அடக்க வேறு வழி குறைவு. கலர் நெகட்டிவ் அந்த வித்தியாசத்தைப் பெரும்பாலும் தாங்கும். கறுப்பு வெள்ளையில் நீலம் மிச்சமிருக்கும் வானத்தை ஆரஞ்சே இறக்கிவிடும். இரட்டை லென்ஸ் கேமராவிலும் ரேஞ்ச்ஃபைண்டரிலும் கோடு எங்கே விழுகிறது என்றே தெரியாது. மற்றவற்றில் அபர்ச்சரைச் சுருக்கி, பிரிவ்யூவில் பார்த்துத்தான் தகட்டை இறக்க வேண்டும். ஒகேனக்கலிலோ தகட்டுக்கும் லென்ஸுக்கும் நடுவே சாரல் புகுந்துவிடும். நீண்ட எக்ஸ்போஷரில் அந்த இடுக்கு வழியே பின்னாலிருந்து வெளிச்சமும் கசியும்; என்.டி. தகட்டில் நுரை கேஸ்கட் இல்லாவிட்டால் படத்தில் வெளிறல் வரலாம்.

அருவிக்கு 6 ஸ்டாப்பா 10 ஸ்டாப்பா? எஃப்பி4 ஃபிலிம், நல்ல வெயில், எஃப்/16-இல் 1/125 என்று வைத்துக்கொள்வோம். 6 ஸ்டாப் (64 மடங்கு) போட்டால் அரை விநாடி. தண்ணீர் இழை இழையாக விழும், அருவியின் வேகம் படத்தில் தங்கும். 10 ஸ்டாப்பில் 8 விநாடி. ஆனால் ஃபிலிம் நீண்ட நேரத்தில் சோர்ந்துபோகும். இல்ஃபோர்டு எஃப்பி4-க்குத் தரும் அடுக்கு 1.26. எட்டை அந்த அடுக்குக்கு உயர்த்தினால் ஏறத்தாழ 14 விநாடி. 8 விநாடியிலேயே மூடுபவருக்கு நிழல் பகுதிகள் வெறுமையாக வரும். அதோடு 14 விநாடியில் அருவி பஞ்சாகிவிடுகிறது. பரிசல் ஓடும் இந்தக் காவிரிக்கு 6 ஸ்டாப்பே அழகு. டிஜிட்டலில் மலிவான 10 ஸ்டாப்புக்கு இன்னொரு கேடு: கண்ணுக்குத் தெரியும் ஒளியை அடைத்துவிட்டு அகச்சிவப்பை விட்டுவிடும், படம் செம்பழுப்பாகும்.

போலரைசரில் செலவை மிச்சப்படுத்தலாம். மிரர் வழியாக ஒளியைப் பிரித்து அளக்காத, ஆட்டோஃபோகஸ் இல்லாத பழைய கேமராவுக்கு லீனியர் போதும், சர்குலர் தேவையில்லை. ஈரப் பாறையின் பளபளப்பை வெட்ட இதற்கு மாற்றே கிடையாது, விலையாக ஒன்றரை முதல் 2 ஸ்டாப் போகும். இரட்டை லென்ஸ் கேமராவில் மேல் லென்ஸில் போட்டுத் திருப்பி, வளையத்தின் குறி நிற்கும் இடத்தைப் பார்த்துக்கொண்டு, கீழ் லென்ஸில் அதே நிலையில் மாட்டுங்கள்.

வண்ண ஃபில்டரில் இந்த மண்ணே தீர்ப்பு சொல்லும். சிவப்பு 25 (3 ஸ்டாப்) செம்மண்ணை வெளிறவைக்கும், மாந்தோப்பை இருட்டாக்கும். மஞ்சள்பச்சை 11 (2 ஸ்டாப்) இலைகளைத் தூக்கும், மண்ணைக் கறுக்கவைக்கும். மஞ்சள் 8 (1 ஸ்டாப்) இரண்டையும் கெடுக்காது. ஒன்றே ஒன்று வாங்குவதென்றால் அது.

கோட்டிங்கைக் கடையிலேயே சோதிக்கலாம். டியூப் லைட்டின் பிம்பத்தை ஃபில்டரில் பாருங்கள். வெள்ளையாகப் பளீரென்று தெரிந்தால் கோட்டிங் இல்லை. ஒரு பரப்புக்கு ஏறத்தாழ 4 சதவீத ஒளி திரும்புகிறது. மங்கலான பச்சையோ ஊதாவோ தெரிந்தால் மல்டிகோட்டிங்.

குவாரித் தூளைத் துணியால் தொடவே கூடாது. கிரானைட்டில் உள்ள குவார்ட்ஸ் கண்ணாடியைவிடக் கடினம், ரெசின் தகட்டைக் கேட்கவே வேண்டாம். முதலில் புளோயர், பிறகு மென்தூரிகை, கடைசியில்தான் ஈரத்துணி. சாரல் பட்ட ஃபில்டரைத் தானாகக் காய விட்டால் நீரின் உப்பு வட்டமாகப் படியும். ஈரம் இருக்கும்போதே மைக்ரோஃபைபர் துணியால் ஒற்றி எடுங்கள்.